ஜட்காவில் கற்ற மெட்டு

என் மனைவியின் தாய்மாமாமீது நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் எனக்குக் கல்யாணம் நடந்தது. அவருக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே இடம் போயிற்று. சுற்றி வளைத்துச் சொன்னால் கிழவன் சமாளிக்கிறான் என்று நினைப்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். நடந்தபோது அதில் பாதி வேடிக்கையாகத்தான் இருந்தது. வேடிக்கையை மறைத்து வருத்தத்தை மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். பி.ஏ. முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். சிநேகிதன் ஒருவனுடைய கல்யாணத்தில் ஒரு பெண் பாடக் கேட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தவர்களில் ஒருத்தி. மற்றப் பெண்கள் பாடும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் மழை வருமா என்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவள் போலப் பாடினாள். கட்டினால் இவளைத்தான் என்று அக்காளிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்காள்தான் எல்லாம்.

அக்காள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏலே, உனக்கு வேற வீடே கிடைக்கலயா? அவ அப்பா ஜெயிலராம். ரிட்டயர் ஆனது ஜெயிலுக்குத் தெரியுமாம், அவருக்குத்தான் இன்னும் தெரியாதாம்."

"பொண்ணு நல்ல பொண்ணுதானே அக்கா?"

"பொண்ணுக்கு என்ன, தங்கம். ஆனா உள்ள போறவன் வெளிய வரணும்லா?"

எனக்கு முன் இரண்டு மாப்பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். ஒருவர் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடியவர், ஆமென் சொல்லியும் திறக்கவில்லை. இன்னொருவர் இலையில் சோற்றை மீதி வைத்தார். எனக்கு வந்த உத்தரவு இது: பையன் தனியாக வரவேண்டும், கூட்டத்தோடு வந்தால் ஆளைப் பார்க்க முடியாது. சனிக்கிழமை மாலை பஸ்ஸில் திருவனந்தபுரம் வந்து பழவங்காடியில் நிற்கவேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட்டிப்போவார்.

பயத்தில் நான் காலைப் பஸ்ஸையே பிடித்துவிட்டேன். பழவங்காடியில் இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. பிள்ளையார் கோவில் முன்னால் தேங்காய் உடைபடும் சத்தம் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சுக்குள் கேட்டது. மாலை வரை எங்கே போவது? சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையின் வாசலில் படம் எழுதிய தட்டி நின்றது. நடுவில் ஒரு இளைஞன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சுற்றி நாலு மீசைகள். பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளையின் அவதியைச் சொல்லும் ஹாஸ்யப் படம்.

எங்கள் கிறிஸ்தவச் சபை ஆட்களுக்குச் சினிமா ஆகாது. நாகர்கோவிலில் நான் கொட்டகைப் பக்கம் திரும்பினால் திங்கட்கிழமை வேலை இருக்காது. ஆனால் இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்? பெஞ்சு டிக்கெட் வாங்கி, காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

படத்தில் பெண்ணின் தகப்பனார் ஒரு ஜமீன்தார். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறார். அண்ணன்மார் பயில்வான்கள். மாப்பிள்ளை எங்கே உட்கார்ந்தாலும் அவனை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்கிறார்கள். அத்தைக்காரி காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்து முகத்தைப் பார்க்கிறாள். கடைசியில் அவன் தப்பி ஓட மதில் ஏறுகிறான். அப்போது ஒரு பாட்டு. ஒவ்வொரு அடியிலும் மெட்டு அவனோடு சேர்ந்து மூச்சு வாங்கி மேலே ஏறும். அடி முடியும்போது அவனோடு சேர்ந்து சறுக்கிக் கீழே வந்து விழும். சறுக்குகிற இடத்தில் ஒரு மிருதங்கம் 'தொம்' என்று தரையைத் தட்டும். கொட்டகை சிரித்து உருண்டது. நானும் உருண்டேன். இன்னும் சில மணி நேரத்தில் எனக்கு நடக்கப்போவதைத்தான் பார்த்துச் சிரிக்கிறேன் என்ற நினைப்பு இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

எனக்குப் பின்னால் இருட்டில் ஒருவர் சிரித்த சிரிப்பை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். முதலில் தண்ணீர் ஏறாத பம்பு போல இரண்டு மூன்று வறண்ட இழுப்பு. இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நாம் பதறும்போது, உச்சியில் எங்கேயோ ஒரு விசில். படத்தைவிட அந்தச் சிரிப்புக்காகச் சிரித்தவர்கள் அதிகம்.

மாலையில் பழவங்காடி முனையில் பெட்டியோடு நின்றேன். வெள்ளைக் கோட்டும் மூங்கில் பிடி குடையுமாக ஒல்லியான ஒரு மனிதர், தேங்காய்ச் சில் பொறுக்குகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பிதானே பாளையங்கோட்டை? கேக்கவே வேண்டாம், முகத்துலயே தெரியுது. நான் பொண்ணுக்குத் தாய்மாமன்."

"ரொம்ப நேரமா நிக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, இல்ல. வேற ஒரு சோலி இருந்துது, அதை முடிச்சிட்டு இப்பத்தான் வாரேன். பஸ்ஸு?"

"இப்பத்தான் வந்துது."

அவர் என் தோளிலிருந்து எதையோ தட்டிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஜட்காவில் ஏறியதும் அவர் எனக்கு வாத்தியாரானார். அவரைப் பற்றியும் அப்போது கொஞ்சம் தெரிந்துகொண்டேன். மிஷன் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அக்காள் வீட்டில் இருந்தார். அந்த அக்காள், அதாவது பெண்ணின் தாய், இறந்துபோன பிறகும் அத்தான் வீட்டிலேயே இருந்தார். ஜெயிலரின் தமக்கை ஒருத்திதான் இப்போது வீட்டை ஆண்டாள். அவர்களுக்கு நடுவில் இவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

"இங்க பாருங்க தம்பி. சோறு ரெண்டாவது தடவ வைக்க வந்தா வேண்டாம்னு சொல்லப்பிடாது. மூணாவது தடவ வேணும்னு சொல்லப்பிடாது. அத்தான் ஒண்ணும் பேசாம உங்களையே பாப்பாரு. நீங்களும் பேசாம இருங்க. முதல்ல பேசுதவன்தான் குத்தவாளி, அது அவரு சர்வீஸ்ல படிச்சது."

"பாடச் சொல்லுவாங்களா?"

"அதைத்தான் சொல்ல வாரேன். ஜெபத்துல ஒரு பாட்டு எடுத்து விடச் சொல்லுவாரு. உங்க பக்கம் ஆர்கன் வாசிச்சு பாமாலை பாடுவிய. இங்க கீர்த்தனை. ஆர்மோனியம்கூட கிடையாது. ஒருத்தன் எடுக்கணும், மத்தவங்க பின்னால வரணும். எடுக்கிறவன் எங்க போனாலும் வருவாங்க, அதாக்கும் கஷ்டம்."

அந்த வீட்டில் மாலையில் பாடும் கீர்த்தனை ஒன்றை மெதுவான குரலில் எனக்குப் பாடிக் காட்டினார். நான் திருப்பிப் பாடினேன். ஓர் இடத்தில் திருத்தினார். மறுபடியும் பாடினேன். "கொள்ளாம், கொள்ளாம். இது போதும், பொண்ணு உங்களுக்குத்தான்" என்றார். கோவில்களில் விளக்கேற்றும் நேரத்தில், இரண்டு வேதக்காரர்கள் குதிரை வண்டியில் சன்னமாகப் பாடிக்கொண்டு போனோம்.

சபையிலும் அவர்தான் பாட்டு எடுக்கிறவர் என்று அப்போதுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஜெயிலரும் அவர் மக்களும் தமக்கையும் இவர் கைதட்டுக்குக் கட்டுப்பட்டு நிற்கவேண்டும். "ஒரு மணி நேரம், தம்பி. வாரத்துல ஒரு மணி நேரம் அத்தான் நான் நிறுத்தின இடத்துல நிப்பாரு" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு சௌகரியத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

மேட்டில் ஏறும் இடத்தில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கி அதன் காதருகே, "நட மோனே, நட. சாருக்கு பெண்ணு காணான் போணும்" என்று என் பெண் பார்க்கும் அவசரத்தை மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். அது இரண்டு அடி பின்னால் வைத்தது.

"பாத்தியளா, அதுக்குக்கூட நம்ம வீடு தெரிஞ்சிருக்கு" என்று தாய்மாமா சிரித்தார்.

வறண்ட இழுப்பு. பிறகு விசில்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். அது கொட்டகைச் சிரிப்பு. சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கு உபயோகம் வரும் என்று நினைத்து எடுத்து வைக்கவில்லை. இருந்தாலும், எடுத்துத்தான் வைத்தேன்.

வீட்டில் துப்பாக்கி இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஜெயிலர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியின் முதுகைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. பெண்ணின் அண்ணன்மார் இருவரும் என் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். தூக்கி வேறிடத்தில் வைத்துவிடுவார்கள் என்று பயந்து நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஜெயிலர் பேசவில்லை. நானும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் எங்கள் எல்லாருக்குமாகப் பேசியது.

ஜெயிலரின் தமக்கை, பெண்ணின் அத்தை, காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைதான். நம்பிக்கை வரவில்லை; இன்னொரு வாய் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்ன தம்பி, காபியா குடிக்கிய, கஷாயமா குடிக்கிய?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப ஏன் முகம் அங்கன போவுது?"

மூலையில் நின்ற தாய்மாமா இருமினார். உள்வாசல் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு பாதத்தின் பெருவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெருவிரலுக்காக எதையும் செய்யலாம் என்று அப்போது நினைத்தேன், செய்தும்விட்டேன்.

ஜெபத்துக்கு எல்லாரும் கூடினார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவளும் வந்து அத்தை பக்கத்தில் நின்றாள். ஜெயிலர் தலைகளை ஒரு முறை எண்ணுவது போலப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க."

கீர்த்தனையின் வார்த்தைகள் எனக்குத் தெரியும். மெட்டும் தெரியும், அதைத்தான் வண்டியில் பாடிக்கொண்டு வந்தேனே. வாயைத் திறந்தேன். முதல் அடி மேலே ஏறியது. ஏறட்டும், கீர்த்தனைதானே என்று நினைத்தேன். அடி முடியும் இடத்தில் அது சறுக்கிக் கீழே வந்தது.

மதில் ஏறுகிற மெட்டு! வார்த்தைகள் அதில் தைத்துவைத்ததுபோலப் பொருந்தின. நிறுத்த வழியில்லை. நான் நிறுத்துவதற்கு முன்பே அவர்கள் பின்பாட்டாக வந்துவிட்டார்கள். எடுக்கிறவன் எங்கே போனாலும் வருவார்கள் என்று தாய்மாமா சொன்னது எவ்வளவு உண்மை! அண்ணன்மார் இருவரும் கட்டைக் குரலில் மதில் ஏறினார்கள்; சேர்ந்தே சறுக்கினார்கள். ஜெயிலர் கண்களை மூடிக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார். சறுக்கும் இடம் வந்ததும் அவர் கால் தரையில் 'தொம்' என்று தானாகத் தட்டியது. அத்தை ஒரு படி பின்தங்கிச் சறுக்கினாள். அந்த வீட்டில் அவ்வளவு உற்சாகமாக அந்தக் கீர்த்தனை அதற்கு முன் பாடப்பட்டிருக்காது. மூன்றாவது சரணத்தில் வேகம்கூடப் பிடித்துவிட்டார்கள்.

தாய்மாமா மட்டும் பாடவில்லை. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மேல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயிலர் மறுபடியும் தரையைத் தட்டியபோது அவரால் முடியவில்லை. பம்பு இழுத்தது. விசில் அடித்தது.

பாட்டு நின்றது.

"ஜெபத்துல என்ன சிரிப்பு?" என்றார் ஜெயிலர்.

"இருமல், அத்தான்."

அத்தை கையை உயர்த்தினாள். "அது கிடக்கட்டும். இது நம்ம மெட்டு இல்லியே. நானும் இதை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு பாடிக்கிட்டே யோசிக்கேன்... சினிமாக் கொட்டகைக்காரன் வண்டியில நோட்டீஸ் போட்டுட்டு, பேண்டு அடிச்சிட்டுப் போவானே தெருவுல, அந்த மெட்டாக்கும் இது!"

ஜெயிலர் என்னைப் பார்த்தார். அதுவரை பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"தம்பி, இந்த மெட்டு எங்க படிச்சிய?"

தெருவில் பேண்டு வண்டியிலிருந்து காதில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். அத்தையே எனக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருந்தாள். பயத்தில் திறந்த கதவு கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது தாய்மாமா.

"இவங்கதான் வண்டியில சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன். "இந்த ஊர்ல இப்படித்தான் பாடுவாங்கன்னு நினைச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்திலிருந்து சிரிப்பின் சிவப்பு இறங்கிவிட்டது. என்னைப் பார்த்தார், கோபமாக அல்ல, மூலத்தில் இல்லாத எழுத்து அச்சில் விழுந்திருக்கும்போது பார்ப்பாரே, அப்படி. பிறகு அத்தை பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவளுக்கு அந்தக் கீர்த்தனையைச் சிறு வயதில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"ஆமா அத்தான்" என்றார். "நாந்தான். கொட்டகைக்கும் இன்னைக்குப் போனேன். தம்பி பேர்ல குத்தமில்ல."

யாரும் அவரிடம் கொட்டகையைப் பற்றிக் கேட்கவில்லை. என் பொய்யில் ஓட்டை தெரியாமல் இருக்க, தன் உண்மையை எடுத்து அடைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. சபையில் முன் வரிசையில் விருந்தாளியாக என்னை உட்கார வைத்தார்கள். ஆராதனைக்கு முன்பே ஜெயிலர் சபையை நடத்தும் மூப்பர்களிடம் சொல்லியிருந்தார். சினிமாவுக்குப் போனவர், அந்த மெட்டைக் கீர்த்தனைக்குள் கொண்டுவந்தவர், இனிப் பாட்டு எடுக்கக்கூடாது என்று முடிவாயிற்று. சினிமாவுக்குப் போனது மட்டும் என்றால் சில மாதங்களில் மன்னித்திருப்பார்கள். கீர்த்தனையைக் கெடுத்தவர் என்பதைத்தான் மன்னிக்கவில்லை. அதாவது, நான் சொன்ன பாதியைத்தான். தாய்மாமா கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாட்டு எடுத்தவர் மூத்த அண்ணன். ஒவ்வொரு கீர்த்தனையையும் அவர் கைதி போலப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. சோற்றை மீதி வைக்கவில்லை, தூங்கவில்லை, கேட்டதற்கு மறைக்காமல் உண்மையைச் சொன்னேன் என்று ஜெயிலர் என் அக்காளிடம் சிலாகித்தாராம்.

மாமியாரின் தம்பி என்பதால் முறைப்படி அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். அப்படியே கூப்பிட்டேன். அவரும் என்னை "மக்களே" என்றார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் சிரிப்பு மாறிவிட்டது. வேடிக்கையான பேச்சு வந்தால் தோள் துண்டின் நுனியை எடுத்து வாயில் அடைத்துக்கொள்வார். தோள் குலுங்கும், சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அந்த ஒரு மணி நேரமும் வீட்டின் மற்ற மணி நேரங்களைப் போல ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்த சமயத்தில் எனக்குத் திருவனந்தபுரத்திலேயே வேலை கிடைத்தது. அதே சபையில் சேர்ந்தோம். சபைக்கு ஆர்மோனியம் வந்திருந்தது. வாசிக்க ஒரு இளம் வாத்தியார் வந்திருந்தார், பாட்டு விறுவிறுப்பாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து என்னை மூப்பராகத் தெரிந்தெடுக்கலாம் என்று போதகர் சொல்லியனுப்பினார். மற்றவர்களுடைய ஒழுக்கத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற இடம்! அன்றைக்கே அடுக்களைக்குப் போனேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "எங்க மாமா அந்தக் கீர்த்தனையை அப்படிப் பாடுவாரா? அன்னைக்கே கேட்டேன். 'பயந்துட்டான், பாவம், விடு'ன்னாரு."

"எட்டு வருஷமா ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். பஸ்ஸுக்கு மட்டும் காலையிலயே வந்துருதிய. இதுக்கு எட்டு வருஷமா?" அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லிட்டு வந்து என்கிட்ட பேசுங்க." அதுவரை பேசவும் இல்லை.

மாமனாரிடம் போய் நின்றுகொண்டே சொன்னேன். அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தண்டனை அனுபவிச்சது ஒரு ஆள், குத்தவாளி வேற ஆள். என் சர்வீஸ்ல இது நடந்ததில்ல" என்றார். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "நடக்கலன்னு நினைச்சிருந்தேன்." பிறகு, "சபையில சொல்லணும். எல்லாத்தையும். நானும் தட்டுனேன் காலை, அதையும் சொல்லும்" என்றார்.

சபையில் எழுந்து நின்று சொன்னேன். சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், கதை அப்படி. எனக்கு மூப்பர் பதவி இல்லை. மூன்று மாதம் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் சேராமல் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். வரும் ஞாயிறு முதல் சித்தப்பா மறுபடியும் பாட்டு எடுக்கலாம்.

அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நீங்க சொன்னதுல பாதி நிசம்தானே மக்களே. கொட்டகைக்குப் போனது நாந்தானே."

"நானும் போனேன், சித்தப்பா. நீங்க என்னைச் சொல்லிருக்கலாம். ஆனா உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாமலா? பழவங்காடியில உங்க தோள்ல கிடந்ததைத் தட்டிவிட்டேனே, அது என்னன்னு நினைச்சிய? கடலைத் தோலு. என் முன் பெஞ்சுல இருந்து தின்ன ஆளு."

என் கை தானாக அந்தத் தோளுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். சித்தப்பா வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு அணிந்து முன்னால் போய் நின்றார். கையை உயர்த்தினார். அவருடைய பழைய நடையில், ஒவ்வொரு சொல்லையும் இருக்கவிட்டு எழுப்பும் நடையில், கீர்த்தனையை எடுத்தார். முதல் அடியில் எல்லாரும் கூட இருந்தார்கள். இரண்டாவது அடியில் ஆர்மோனியம் முன்னால் போயிற்று. இளைஞர்கள் அதன் பின்னால் போனார்கள். அந்த வாத்தியார் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு வேறு வேகம் தெரியாது. சபைக்கும் இப்போது தெரியாது. மாமனார் மட்டும் முன் வரிசையில் நின்று, சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு, அவரோடு நிற்கப் பார்த்தார். அவரையும் அந்தக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சித்தப்பா மூன்றாவது அடியில் இருக்கும்போது சபை சரணத்தை முடித்துவிட்டு வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்து நின்றது.

அவர் உயர்த்திய கையோடு அந்த வாய்களைப் பார்த்தார். துண்டைத் தேடினார், கோட்டுக்கு மேல் துண்டு இல்லை. வறண்ட இழுப்பு கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. பிறகு விசில். எட்டு வருஷத்துக்குப் பிறகு. முதலில் மாமனாரின் தோள் ஆடியது; மற்றவர்கள் பிறகு சிரித்தார்கள்.

ஆராதனை முடியும் முன்பே அவர் ஆர்மோனியக்காரரின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நடுப்பாதையில் இறங்கி என்னிடம் வந்தார். "கொஞ்சம் தள்ளி இருங்க மக்களே" என்றார்.

"ஏன் சித்தப்பா? அது உங்க இடம்லா."

"அந்த வண்டி போயாச்சு. நாம நடந்து வருவோம்."

நான் அவரை மறுபடியும் முன்னால் போகச் சொல்லிப் பலமுறை கேட்டேன். மாமனாரும் கேட்டார். அவர் போகவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்த இடம் அங்கே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அதற்கு ஒரு சமாதானம் கிடைக்கவில்லை.

என் மூன்று மாதம் முடிந்தும் நான் முன்னால் போகவில்லை. அவர் இருந்தவரை கடைசிப் பெஞ்சில் இரண்டு பேரும் சபைக்கு அரை அடி பின்னால் பாடினோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாலைக் கீர்த்தனையைக் காலையில் பாட வைத்தார்கள். சபை எல்லாம் முறையான மெட்டில் போய்க்கொண்டிருந்தது. என் காதருகே ஒரு சன்னக் குரல் மதில் ஏறியது, சறுக்கியது. நான் அன்று தவறாகப் பாடியிருந்த ஒரு வளைவைக்கூட அவர் சரியாகப் பாடினார்.

"அங்கன இல்ல மக்களே, இங்கன" என்று திருத்தினார். நான் திருப்பிப் பாடினேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"கொள்ளாம்" என்றார் சித்தப்பா. "இனி இந்த மெட்டு எங்க படிச்சியன்னு யாராவது கேட்டா, எம்பேரைச் சொல்லுங்க. பொய்யா இருக்காது."